லூக்கா பதினைந்தாம் அதிகாரமும் என் வாயும்

தாராவி,
புதன்கிழமை.

அன்புள்ள மகன் சாஜனுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நாங்கள் நலம் என்றுதான் தொடங்கவேண்டும், உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை, அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, எனக்கு முழங்கால் வலி வழக்கம்போல. அதற்குமேல் இந்த வீட்டைப் பற்றி நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ மஸ்கட்டில் சுகமாக இருக்கவேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். உனக்குத் தமிழ் வாசிப்பது கஷ்டம் என்று தெரியும். வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் குரலைக் கேட்டு உனக்குப் போதும் போதும் என்று ஆகியிருக்கும். அதனால் எழுத்துக்கூட்டி மெதுவாக வாசி, புரியாத இடத்தில் ரூமில் உள்ளவர்கள் யாரிடமும் காட்டி அர்த்தம் கேட்காதே, விட்டுவிட்டுப் போ. பக்கத்துச் சந்துப் பைசான் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே கிளம்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், கவரை நன்றாக ஒட்டித்தான் கொடுப்பேன்.

நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும், மீதியையும் நானே சொல்லிவிடுகிறேன். நம் அன்பிய ஜெபக்கூட்டத்தில் தவக்காலத்திலிருந்து புதன்கிழமைதோறும் ஆளுக்கொரு வீட்டில் கூடி லூக்கா நற்செய்தியை வாரம் ஓர் அதிகாரமாகப் படித்துவருகிறோம். விளக்கம் சொல்வது நான். பகல் முழுக்கப் பட்டறையில் கைப்பைகளுக்குத் தோல் வெட்டுகிறவனுக்கு அந்த ஒரு மணி நேரம் பாதிச் சாமியார் ஆனதுபோல ஒரு நினைப்பு. பதினைந்தாம் அதிகாரம் வந்த வாரம் முறை நம் வீட்டுக்கு. அப்பன் சொத்தை அழித்துவிட்டுப் பன்றி மேய்த்து வீடு திரும்புகிற ஊதாரி மகன் கதை. மழை வேறு, ஜன்னலைச் சாத்திவிட்டோம், அந்த ஒற்றை அறைக் கோலிக்குள் அத்தனை பேர், ஒரே புழுக்கம், வேலைவிட்டு வந்த ஆண்கள் சுவரில் சாய்ந்து கண்ணை மூட ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்த கதைதானே, பன்றியையும் தவிட்டையும் எத்தனை தரம் கேட்பார்கள்? எனக்கு உள்ளே ஒரு எரிச்சல். இவர்களை உலுக்குகிறமாதிரி ஓர் உதாரணம் வேண்டும் என்று மனசு தேடியது, அப்போது என் வாயில் வந்தது நீ. எதற்கு எங்கேயோ போகணும், என் மகனையே எடுத்துக்கோங்க என்று ஆரம்பித்துவிட்டேன்.

வேலை போனதையும், குடியையும், அந்த ஆஸ்பத்திரியில் இருந்ததையும், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் புதுக் கம்பெனியில் சேர்ந்ததையும் நீ என் ஒருத்தனிடம்தான் சொன்னாய். அம்மாட்டகூடச் சொல்லாதீங்கப்பா, லீவுல வரும்போது நானே பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிடுதேன் என்றாய். சரிடே என்று நானும் சொன்னேன். அதைத்தான் அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் பிரித்துப் போட்டேன். சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். உன்னிடம் மறைக்கமாட்டேன், அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சீ என்று இருக்கிறது இப்போது நினைத்தால். பேரைச் சொல்லவில்லை என்று பிறகு கொஞ்சம் ஆறுதல்பட்டுக்கொண்டேன், அன்றைக்குப் போனில் பதிவான ரெக்கார்டைப் போட்டுக் கேட்டால் இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். நீ குடித்ததை வளைத்து வளைத்துச் சொன்னவன், நீ விட்டதை ஒரே வரியில் முடித்துவிட்டேன். என் குரலும் நடுங்கவேண்டிய இடம் பார்த்து நடுங்கியிருக்கிறது, படுபாவிக் குரல். கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று கையை உயர்த்தி, சாஜனைக் குடியிலிருந்து விடுவியும் ஆண்டவரே என்று மன்றாடினார்கள். நீயாக விடுபட்டு மாசக்கணக்கு ஆயிற்றே என்று திருத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை, நானும் கையை உயர்த்திக்கொண்டு நின்றேன்.

அம்மா அப்போது டீத் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றாள். அவளுக்கு உன் விஷயம் தெரிந்தது அப்படித்தான், எல்லாரோடும் சேர்ந்து. எல்லாரும் போன பிறகு அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. எல்லாவளும் என் மூஞ்சியையே பாத்தாளுவ, பெத்தவளுக்கே தெரியாதுன்னு தெரிஞ்சா அது இன்னும் கேவலம்லா, அதான் முன்னமே தெரிஞ்சமாதிரி தலைய ஆட்டிக்கிட்டு டீ குடுத்தேன் என்றாள். நீங்க அழுதீங்க பாருங்க, அதப் பாத்து எனக்கு அழுகையே வராமப் போச்சு என்றும் சொன்னாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் பேசுவது சோறு இருக்கு, குடை எடுத்துக்கோங்க என்கிற அளவுதான்.

நம் அன்பியத்து ஜாக்குலின் வாராவாரம் பாடத்தை போனில் ரெக்கார்ட் செய்து வரமுடியாதவர்களுக்காக வாட்ஸப் குரூப்பில் போடுவாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் குரூப்பில் நீ தங்கியிருக்கிற கேம்ப்பிலேயே இருக்கிற அவள் தம்பி இருப்பதும் தெரியும். தெரிந்தும் பேசினேன். அவன் அதை ரூமில் சத்தமாகப் போட்டதையும், இப்போது உன் ஃபோர்மேன் தினம் காலையில் எல்லார் முன்னாலும் உன்னை வாயை ஊதச் சொல்வதையும் நீ அம்மாவிடம் சொன்னாயாம். டிசம்பருக்கு வரமாட்டேன் என்றாயாம். அந்தப் போனுக்குப் பிறகு நீ அவளையும் கூப்பிடவில்லை, நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன் என்றுதானே? நியாயம்தான். ஜாக்குலின் தம்பியோடு சண்டைக்குப் போகாதே, அவன் வெறும் பட்டனை அமுக்கினவன். உன் தலையைக் குனியவைத்தது நான்.

அடுத்த வாரத்துக்கு அதே அதிகாரத்தில் மூத்த மகன் பகுதி பாக்கி இருந்தது. அதைத் தயார் பண்ணலாம் என்று பைபிளைத் திறந்தேன். எத்தனை வருஷமாக வாசிக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. அந்த அப்பன் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தவன், எங்கே போனாய், யாரோடு இருந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல உடுப்பைக் கொண்டுவந்து போடுங்கள் என்கிறான். வருகிறவன் போகிறவன் பார்ப்பதற்குள் கந்தலை மூடிவிடுகிறான். காணாமல் போனவன் கிடைத்துவிட்டான் என்றதோடு சரி. இளையவன் சொத்தை எப்படி எப்படியெல்லாம் அழித்தான் என்று வீட்டுக்கு வெளியே நின்று சத்தம் போடுவது மூத்தவன்தான். ஐயோ என்று இருந்தது எனக்கு. அந்த அப்பன் வேஷம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டே இத்தனை நாள் பாடம் எடுத்திருக்கிறேன், அப்பன் செய்ததை விளக்கிக்கொண்டே மூத்தவன் செய்ததைச் செய்திருக்கிறேன்.

இதோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. அந்தப் புதன்கிழமை ஜாக்குலின் வீட்டில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். போன வாரம் என் மகனைப் பற்றி என்று வாயைத் திறந்ததும் குரல் அதேமாதிரி நடுங்க ஆரம்பித்தது. முன்னால் இருந்த ஒரு அக்கா முந்தானையை எடுத்துத் தயாராகிவிட்டாள். ஜாக்குலின் போனில் ரெக்கார்ட் ஓடிக்கொண்டிருந்தது. உன் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் உன்னை வைத்துத்தான் கதை நடத்தப்போகிறேன், இந்தத் தரம் என் மனந்திரும்புதல் கதை என்று அப்போதுதான் உறைத்தது. தொண்டை சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்து, இனி நான் பாடம் எடுக்கமாட்டேன், வேறு யாராவது எடுங்கள் என்றேன், அண்ணாச்சிக்கு எவ்வளவு தாழ்மை பாரு என்கிறார்கள். என்னத்தைச் சொல்ல. ரெக்கார்டை அழிக்கச் சொன்னேன், ஜாக்குலினும் அழித்துவிட்டாள், ஆனால் போன இடமெல்லாம் போனதுதான்.

சாஜன், நீ என்னை மன்னிக்கவேண்டும் என்று கேட்க இதை எழுதவில்லை. ஒரே ஒரு பயம் என்னைத் தின்கிறது. என்மேல் உள்ள கோபத்தில், ஊரே என்னைக் குடிகாரன் என்கிறதே, குடித்தால்தான் என்ன என்று ஒரு நாள் நீ அதைத் தொட்டுவிடக்கூடாது. என்னைத் திட்டு, என் குழிக்கு மண் போடவும் வராதே, அதைத் தொட்டுவிடாதே ராசா. அங்கே வாராவாரம் குடியை விட்டவர்கள் கூடும் ஏதோ கூட்டத்துக்குப் போவதாகச் சொன்னாயே, அதை விடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா பருப்புப்பொடியும் கருவாடும் பைசானிடம் தருகிறாள், கருவாட்டை நாலு கவர் போட்டுக் கட்டச்சொல்லியிருக்கிறேன்.

அம்மா உன் குரலைக் கேட்காமல் தவித்துப்போய் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளைக் கூப்பிடு. நான் பூசை முடிந்து வீட்டுக்கு வராமல் மாட்டுங்கா பக்கம் நடக்கப் போய்விடுவேன், இருட்டினபிறகுதான் வருவேன், இனி எல்லா ஞாயிறும் அப்படித்தான். அவள் போனுக்கு பைசானிடம் சொல்லி லாக் போட்டுவிட்டாள், அதைத் திறக்க எனக்குத் தெரியாது. நீ அவளிடம் சொல்லவேண்டியது எவ்வளவோ இருக்கும். அவள் என்னிடம் சொல்லமாட்டாள், சொல்லவேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன்.

உன் நெற்றியில் சிலுவை போட இப்போது என் கை கூசுகிறது, அம்மா போடுகிறாள், ஏற்றுக்கொள். ஆண்டவர் உன்னைக் காப்பாராக. வாசித்ததும் இதைக் கிழித்துப்போட மறக்காதே. குழாயடியிலும் கோயில் வாசலிலும் சாஜன் இப்போ எப்படி இருக்கான் என்று கேட்கிறார்கள், நல்லா இருக்கான் என்று மட்டும் சொல்கிறேன். அதற்குமேல் எனக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

இப்படிக்கு,
நீ நம்பிச் சொன்னதைக் காக்கத் தெரியாத உன் அப்பா,
மரியஅந்தோணி.