பேத்தை வந்த வீடு

திருவொற்றியூர்
1934, ஆடி

சௌபாக்கியவதி மங்கைக்கு நைனாவின் ஆசீர்வாதம். இங்கே நான் நலம். என் சமையலையே தின்றுகொண்டு நலம் என்றால் நீ நம்பமாட்டாய், ஆனாலும் நலம். தங்கவயலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமா? காலில் வீக்கம் வடிந்ததா?

உன் கடிதம் கிடைத்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது சரி, தாயே இல்லாத வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்று உன் மாமியார் கேட்கிறாராம். "அந்த ஆளுக்கு இன்னா தெரியும்?" என்றாராம். நியாயம்தான். ராயபுரம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை எண்ணுகிறவனுக்கு என்ன தெரியும்?

இங்கே ஒரு சங்கதி. வீட்டுக்குப் பேத்தை மீன் ஒன்று வந்திருக்கிறது. எண்ணூர்க் கழியில் மீன்பிடிக்கிற சின்னப்பையன் வலையில் விழுந்தது. விஷ மீன் என்று மணலில் வீசினான். அது கண்ணை உருட்டி என்னையே பார்த்தது, தூக்கிவந்துவிட்டேன். ரயில்வேயில் கழித்துப்போட்ட பாட்டரிக் கண்ணாடித் தொட்டியை ஊறவைத்துக் கழுவி, அதில் விட்டேன்.

கிணற்றுத் தண்ணீர் ஊற்றியதும் கறுத்துச் சுருண்டுவிட்டது. கழியில் ஆறும் கடலும் கலந்தல்லவா கிடக்கும்! கடல் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கம்மியான ரசம்போல் ஆனதும் தெளிந்தது.

தொட்டி கழுவக் கையால் வெளியே எடுத்தேன். காற்றை விழுங்கிப் பந்தாக உப்பி, திரும்பத் தண்ணீரில் விட்டதும் மல்லாந்து மிதந்தது. நான் அழுதேவிட்டேன், இதை உன் மாமியாரிடம் சொல்லாதே. தண்ணீருக்குள்ளேயே வாய் மேலாகப் பிடித்துக்கொண்டிருந்தேன், குமிழி குமிழியாகக் காற்றை விட்டுப் பிழைத்தது. இப்போது சொம்பை உள்ளே விட்டுத் தண்ணீரோடுதான் மாற்றுகிறேன். அதற்குப் பல் வளர்ந்துகொண்டே போகிறது. ஓட்டோடு நத்தை கடித்தால்தான் தேயும். ஷெட்டு விட்டு வரும் வழியெல்லாம் குனிந்து நத்தை பொறுக்குகிறேன். பார்க்கிறவர்கள் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக் கெங்கம்மாவிடம் கிணற்றடியில், "வூட்டுக்குப் பேத்தை வந்துகீது, பல்லு கூட வளருது" என்றேன். அவளுக்குக் காது மந்தம், பேத்தி என்று விழுந்திருக்கிறது. வசம்பும் தூளிச் சேலையுமாகத் தெருப் பெண்களையே திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தொட்டியைப் பார்த்ததும், "யோவ், இன்னாய்யா இது! கொயந்த பல்லோட பொறந்துகீதேன்னு பயந்துகினே வந்தேன்" என்று ஒரு பாட்டம் திட்டினாள். பிறகு அவளே குனிந்து, மீன் நத்தையை நொறுக்குவதை வெகுநேரம் பார்த்தாள். கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப்போகவில்லை. "மங்கைய இட்டுகினு வா. அவள நான் பாத்துக்கறேன், நீ தண்ணி சொமந்தா போதும்" என்றாள். இந்தத் தெருப் பிள்ளைகளில் பாதி அவள் கையில் பிறந்தவை.

உன் மாமியாரிடம் மரியாதையாகச் சொல்: நைனாவுக்கு ஒன்றும் தெரியாதுதான், ஆனால் தெரியாது என்று சும்மா இருக்கிற ஆள் இல்லை.

மாப்பிள்ளைக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். வடிவுடையம்மன் உன்னையும் வயிற்றிலிருப்பதையும் காக்கட்டும். வருகிறேன் என்றால் உடனே பதில் போடு, வந்து அழைத்துவருகிறேன். வரமுடியாது என்றால் பதிலே போடாதே அம்மா. கடிதம் காணோமே என்று பதறி, நானே புறப்பட்டு வந்துவிடுகிறேன்.

உன் நைனா,
எத்திராஜ்