பச்சைக் கோட்டுக்குள்

பதிவு 1. வெள்ளிக் கோள், மேல் மேகம். காலை 7.20
மூன்றாம் சரக்கு விமானம். ஓட்டுவது செங்கோடன். இறக்கையில் விரிசல் இல்லை. சுமை அளவுக்குள். காற்று அமைதி.
இதுவரை நான் சொல்ல, நிலையத்தில் யாராவது எழுதுவார்கள். இது என் கையெழுத்து. ‘ழு’ நன்றாக வந்திருக்கிறது.

பதிவு 2. காலை 8.05
நிலையம்: “செங்கோடண்ணா, கிழக்கு மிதவையோட வாயுப் பை கிழிஞ்சு இறங்குது. மேலாளர் விசாகன் மட்டும் அதுல இருக்காரு. நீங்கதான் பக்கம்.”
கீழே உலை வெப்பம். மிதவை பதினொரு மணி வரை தாங்கும்.
வேகமானியில் பச்சைக்குள் ஓடினால் காற்று உதறினாலும் இறக்கை தாங்கும். அமைதியான காற்றில் மஞ்சளுக்கும் போகலாம். மஞ்சளில் பத்துக்குச் சேரலாம். பச்சையில் பன்னிரண்டாகிவிடும்.
பச்சையில் வைத்தேன்.

பதிவு 3. காலை 9.10
விசாகன்: “யோவ் செங்கோடா, மஞ்சள்ல வாய்யா.”
நான்: “காத்து முரடா இருக்குதுங்க. பார்த்துத்தானுங்க வரணும்.”
காற்று அமைதி.
போன வருடம் என் மகள் பாவாயி இப்படியொரு விமானம் ஓட்டினாள். அன்று காற்று உண்மையாகவே உதறியது. வேகத்தைக் குறைக்கட்டுமா என்று கேட்டாள். சரக்கு தாமதமாகும், மஞ்சளிலேயே வா என்றார் விசாகன். இடது இறக்கை ஒடிந்தது. அவள் திரும்பி வரவில்லை. தவறு அவளுடையது என்று எழுதி என்னிடம் கைநாட்டு வாங்கினார். அதன் பிறகுதான் எழுத்துக் கூட்டப் பழகினேன்.

பதிவு 4. காலை 10.30
விசாகன்: “அண்ணா, இங்க காத்து அசையவே இல்லையே. உங்களுக்கு மட்டும் எப்படி முரடு?”
நான்: “வயசாயிருச்சுங்க. எல்லாமே முரடாத் தெரியுது.”
விசாகன்: “ஐயா, பாவாயி மேல தப்பில்லைன்னு எழுதித் தர்றேன்.”
நான்: “எழுதுங்க. வந்து படிக்கிறேன். இப்பப் படிப்பேனுங்க.”
ஒருமுறை கை தானாக வேகத் தண்டை முன்னே தள்ளியது. முள் மஞ்சளைத் தொட்டது. இழுத்துக்கொண்டேன்.

பதிவு 5. காலை 11.15
அழுதார். பிறகு இரைச்சல். பிறகு அதுவும் இல்லை.
இனிப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இனிப்பாகத்தான் இருக்கிறது. ‘அழுதார்’ என்பதில் ‘ழு’தான் கோணிவிட்டது.

பதிவு 6. பகல் 12.05
மிதவை இருந்த இடத்தில் மேகம் மட்டும்.
நிலையம்: “அண்ணா, காத்து முரடுன்னு நாங்களே எழுதிக்கறோம். நீங்க எதுவும் எழுத வேண்டாம்.”
எழுதுகிறேன். காற்று அமைதியாக இருந்தது. விமானத்தில் குறையில்லை. மஞ்சளில் வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். எனக்குத் தெரியும்.
செங்கோடன், பாவாயியின் அப்பன்.