இப்போது பரவாயில்லையா?

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றும் கால் வீங்கியது. இன்றும் வாஷிங் மெஷின் வாங்கியவர்கள் திட்டினார்கள். ஒருவர் போனில், "உனக்கெல்லாம் சோறு எப்படிம்மா இறங்குது?" என்றார். "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது சார்" என்று சொல்லிக்கொண்டே மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றினேன். புகார்ப் பிரிவில் இத்தனை வருஷம் இருந்தால் வாய் தானாகவே சொல்லிவிடும்.

மாலை கர்ப்பப் பரிசோதனைக்காக மருத்துவமனைக்குப் போனேன். மனசு ஒரு மாதிரி இருக்கிறது என்று வாயெடுத்ததும் சிஸ்டர் என் போனை வாங்கி ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்துவிட்டார். "இதுல பேசுங்கம்மா, எப்பக் கேட்டாலும் பதில் சொல்லும். நாங்களும் இங்கருந்து பாத்துக்குவோம்." அதற்குப் பெயர் தோழியாம். கேட்க நேரமில்லை என்றால் நேரமில்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே.

பிப்ரவரி 15

கேலி பண்ணத்தான் தோழியைத் திறந்தேன். "இன்று உங்களுக்கு எது கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டது. என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. எல்லோருக்கும் குழந்தை அசைகிறதா என்பது மட்டும்தான் கவலை. எழுதிக்கொண்டே போனேன். "நீங்கள் படும் சிரமம் புரிகிறது" என்றது. அடிப்பாவி, அது என் வசனம்! வாய்விட்டுச் சிரித்தேன்.

முடிவில், "இப்போது பரவாயில்லையா?" என்று கேட்டது. ஆம், இல்லை என்று இரண்டு பட்டன். ஆம் என்று அழுத்தினேன். எங்கள் பிரிவில் யாரும், எந்தக் கம்பெனி இப்படிக் கேட்டாலும், 'இல்லை' போட மாட்டோம். ஒரு 'இல்லை' விழுந்தால் அந்தப் பக்கம் இருக்கிற பெண்ணை டீம் லீடர் எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கிழிப்பார். இங்கே அந்தப் பக்கம் ஆளே இல்லை, தெரியும். ஆனாலும் கை வரவில்லை.

ஏப்ரல் 3

ஆண் குழந்தை. நன்றாக இருக்கிறான். எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 17

பிள்ளையை மேனேஜர் என்றுதான் கூப்பிடுகிறேன். என்ன குறை என்று சொல்லாமல் கத்துவதால்.

அம்மா போனில், "பிள்ளை நல்லா இருக்கான்ல? அப்புறம் எதுக்குடி அழற?" தெரிந்தால் அழுவேனா?

இவர் அதற்கு மேல். எது சொன்னாலும் "சரியாயிடும்மா". லிஃப்ட் மெக்கானிக். எங்கேயோ எவனோ லிஃப்டில் மாட்டிக்கொண்டு மணி அடித்தால் சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிற மனுஷன். பக்கத்து அறையில் நான் கிடக்கிறேன். எனக்கு மணி இல்லை.

ஏப்ரல் 29

எழுதக்கூட பயமாக இருக்கிறது. தோழியிடம் எழுதியதை அப்படியே இங்கேயும் எழுதுகிறேன். பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வருகிற பஸ்ஸில் ஏறிப் போய்விடலாம் போல் இருக்கிறது. திரும்பி வரக் கூடாது போல் இருக்கிறது.

"இதைத் தனியாகச் சுமக்க வேண்டாம். இப்போதே அருகில் இருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள்" என்றது. மருத்துவமனை எண்ணையும் காட்டியது. அருகில் யார் இருக்கா? சொல்லு, யார் இருக்கா? சுவர் இருக்கு. துவைக்காத துணி இருக்கு.

"இப்போது பரவாயில்லையா?"

ஆம் என்று அழுத்திவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மே 6

சிஸ்டர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டிய நாள். காலையிலேயே தலை வாரி உட்கார்ந்திருந்தேன். நேரில் ஒரு முகம் வந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றிருந்தேன். செய்திதான் வந்தது: "உங்கள் மனநிலை தொடர்ந்து சீராக இருப்பதால் வீட்டு வருகை தேவைப்படவில்லை. வாழ்த்துகள்!" கூடவே ஒரு பச்சை இலைப் படம்.

யாருக்குடா சீரா இருக்கு? பஸ் ஏறிப் போறேன்னு எழுதினேனே, அதை எவனும் படிக்கலையா? பட்டனை மட்டும்தான் எண்ணுவீங்களா?

மருத்துவமனைக்குப் போன் பண்ணினேன். எடுத்த பெண், "எல்லாத்துக்கும் ஆம்னுதானே மேடம் போட்டிருக்கீங்க?" என்றாள். பிறகு, "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது மேடம்." என் குரல். என் இழுவை. அவளைத் திட்ட முடியவில்லை. "பரவாயில்லைம்மா, நன்றி" என்று வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. கத்துகிற வாடிக்கையாளரைப் பற்றி எங்கள் பிரிவில் யாரும் கவலைப்பட மாட்டோம். அவர் நாளைக்கும் கூப்பிடுவார். "பரவாயில்லை, நன்றி" என்று அமைதியாக வைக்கிறவர்தான் போய்விடுவார். மறுபடி கூப்பிடவே மாட்டார்.

மே 7

காலையில் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டேன். மேனேஜர் கத்திக்கொண்டிருந்தான். வாசல் வரை போய்விட்டேன்.

இவர் வேலையில் இருக்கும்போது சொந்தப் போனை எடுக்கவே மாட்டார். அதனால் இவர் கையிலேயே இருக்கும் லிஃப்ட் கம்பெனியின் அவசரப் போனுக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"உள்ள ஆள் மாட்டிக்கிட்டிருக்கு" என்றேன்.

"எந்த பில்டிங் மேடம்?"

"நம்ம வீடுதாங்க."

கையில் கிரீஸோடு ஓடி வந்தார். வந்ததும் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். "சரியாயிடும்னு மட்டும் சொன்னீங்க, இந்தப் பால் புட்டி உங்க மண்டையிலதான் உடையும்! ஊர்ல இருக்கறவன் மணிக்கெல்லாம் ஓடுவீங்க, நான் செத்தாத்தான் வருவீங்களா?" பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும். பஸ், கதவு, தொட்டில், எல்லாவற்றையும் கத்தியே சொன்னேன்.

அவர் என் தோளிலிருந்து பையைக் கழற்றினார். "மாட்டிக்கிட்டவங்ககிட்ட நாங்க முதல்ல என்ன சொல்வோம் தெரியுமா? கதவைத் திறக்க நேரமாகும், ஆனா நான் இங்கயேதான் நிக்கிறேன், போகமாட்டேன்னு சொல்வோம்" என்றார். "உன்கிட்ட அதைச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லை." எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மூவரும் மருத்துவமனைக்குப் போய், சிஸ்டர் வரும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்று கவுண்டருக்கு எதிரே உட்கார்ந்தோம். மேனேஜர் எங்களுக்கும் சேர்த்துக் கத்தினான்.

மே 9

டாக்டர் பார்த்தார். இது நோய், என் குணம் இல்லை என்றார். மாத்திரை. வாரா வாரம் சிஸ்டர் வருவார். இவர் லீவு போட்டிருக்கிறார். துணி மடிக்கத் தெரியவில்லை, சுருட்டி வைக்கிறார். திட்டினேன்.

மே 23, வெள்ளி

இன்று சிஸ்டர் வருகிற நாள் இல்லை. தோழியிடம் கொஞ்சம் புலம்பினேன். பொறுமையாகத்தான் கேட்கிறது, பாவம்.

"இப்போது பரவாயில்லையா?"

முன்னைவிடப் பரவாயில்லை. அதற்குப் பட்டன் இல்லை. 'இல்லை' அழுத்தினேன். அந்தப் பக்கம் எவளாவது திட்டு வாங்கினால் வாங்கட்டும்.

கொஞ்ச நேரத்தில் சிஸ்டரே கூப்பிட்டார். "என்னம்மா, இல்லைன்னு போட்டிருக்கீங்க? நாளைக்குக் காலைல வரட்டுமா?"

"வாங்க" என்றேன். பரவாயில்லை, நன்றி என்று சொல்லவில்லை.

உள்ளே மேனேஜர் கத்துகிறான். இதோ, வருகிறேன் சார்.