வாழைக்குருத்து நிறப் புடவை

நெய்வேலி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அறிவழகன் அவர்களுக்கு,

தமிழ்நிலா எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கே குஜராத்தில் காற்று பலமாக வீசுவதால் காற்றாலை வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தினமும் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று தோன்றும். போனில் நான் தயங்கினால் நீங்கள் உடனே பேச்சை மாற்றி என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். நானும் அதோடு விட்டுவிடுவேன். இது அப்படி விடக்கூடிய விஷயம் இல்லை.

வியாழக்கிழமை முகூர்த்தப் புடவை எடுக்கக் கடலூர் போனோம். அப்பாவுக்கு முதல் ஷிப்ட். அதனால் அம்மாவும் நானும் மட்டும் பஸ்ஸில் கிளம்பினோம். குள்ளஞ்சாவடியில் பஸ் வெகுநேரம் நின்றுவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அத்தை, அதான் உங்கள் அம்மா, நெல்லிக்குப்பத்திலிருந்து வந்து கடை வாசலில் காத்துக்கொண்டிருந்தார்கள். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

புடவை எது என்று அத்தையும் என் அம்மாவும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். அரக்கு நிறப் பட்டு, அகலமான சரிகை, மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை. காரணம் உங்களுக்கும் தெரிந்ததுதான். என் விரல்களிலும் உதட்டோரத்திலும் இருக்கும் வெண்புள்ளிகளைப் பெண் பார்க்க வந்த அன்றே பார்த்தீர்கள். பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னீர்கள்.

பள்ளிக்கூட நாளிலிருந்து நான் முழுக்கைதான் போடுகிறேன். அதுவும் அடர்நிறத்தில்தான். நெய்வேலி வெயிலில் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அடர்நிறம்தான் பிடிக்கும் என்று எல்லோரிடமும் சொல்வேன். உண்மையிலேயே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அரக்குப் புடவை எனக்கு நன்றாகத்தான் இருந்தது. சரி என்று சொல்லப் போன நேரத்தில், வேறு யாரோ பிரித்துப் பார்த்துவிட்டுப் போன ஒரு புடவை பாயில் கிடந்தது. வாழைக்குருத்து நிறம். மெல்லிய கரை, உடலில் ஒரு பூகூட இல்லை. அதையும் வைத்துப் பார்க்கிறேன் என்றேன். கடையில் வேலை செய்யும் சத்யா என்ற பெண் அதை என் தோளில் போட்டுவிட்டு, "இதுக்குக் கை குட்டையா இருந்தாதான்க்கா எடுப்பா இருக்கும்" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் சுடிதார்க் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டேன்.

கொசுவம் மடித்துக்கொண்டிருந்த அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு மடிப்பைத் தொடர்ந்தாள். "கைய எறக்கு, பாக்கறாங்க" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள். நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் நின்ற பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. இதை வேறு விதமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

அத்தை எழுந்து பக்கத்தில் வந்தார்கள். "இவ்ளோ தூரம் இருக்குதா?" என்று அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "கல்யாணம் ஆனதும் மெதுவா சொல்லிக்கலாம்னு இருந்தேங்க" என்றார்கள். எனக்கு அது அப்போதுதான் தெரியும். தரகர் மூலம் உங்களுக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

அத்தை பாயில் உட்கார்ந்து அரக்குப் புடவையை மடித்தார்கள். பிறகு, ரெண்டையும் எடுத்துக்கொள்ளலாம், முகூர்த்தத்துக்கு அரக்கு, சாயங்காலம் பச்சை என்றார்கள். ஒன்றே போதும், இதுதான் வேண்டும் என்றேன். மறுபேச்சில்லாமல் வாங்கிக் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டில்தான் சொன்னார்கள்: "அவங்கிட்ட நான் சொல்ல மாட்டேம்மா, நீயே சொல்லிடு. சொந்தக்காரங்க கேட்டுக்கினேதான் இருப்பாங்க. அதுக்கும் நீதான் பதில் சொல்லணும்."

ஆகவே சொல்கிறேன். இரண்டு கைகளிலும் தோள் வரை இருக்கிறது. முதுகிலும் முழங்கால்களிலும் இருக்கிறது. தொற்றக்கூடியது இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதோடு நிற்கலாம், பரவவும் செய்யலாம். நாளைக்கு முகம் முழுவதும் வரலாம்.

வீட்டில் அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். "மாப்ளகிட்ட மறைச்சிக்கினு நடக்கிற கல்யாணம் நமக்கு வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

மறுநாள் நான் அரைக்கைச் சுடிதாரோடு பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போனேன். எல்.கே.ஜி. பிள்ளை ஒருத்தி, "மிஸ், கையில சாக்பீஸ் ஒட்டிக்கினு இருக்கு" என்றாள். அது சாக்பீஸ் இல்லைடா, மிஸ்ஸின் தோலே அப்படித்தான் என்றேன். சரி மிஸ் என்று நோட்டை நீட்டினாள். ஆசிரியைகள்தான் அன்று முழுவதும் என் முகத்தை மட்டுமே பார்த்துப் பேசினார்கள்.

ரவிக்கைத் துணியை என் சம்பளத்தில் தனியாக எடுத்து, பக்கத்து பிளாக் அன்புக்கரசி அக்காவிடம் தைக்கக் கொடுத்துவிட்டேன். கை குட்டைதான். துணியை வெட்டியாகிவிட்டது. கல்யாணம் நடக்காவிட்டால் புடவையை அத்தையிடம் சேர்த்துவிடுவோம். ரவிக்கை என்னிடம் இருக்கும்.

பத்திரிகையை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. உங்கள் பதிலுக்காக அப்பா வைத்திருக்கிறார். அவசரப்பட வேண்டாம். நன்றாக யோசித்து எழுதுங்கள். வேண்டாம் என்று எழுதினால் அழுவேன், ஆனால் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டேன். உங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கல்யாணம் செய்துகொள்கிறேன், ஆனால் கையை மூடிக்கொள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பதிலுக்கு நான் சரி என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தமிழ்நிலா