நீ வாசிக்காத மழை

மாப்ளே,

போடியில் ஏலக்காய் வாசத்துக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஊரே அந்த வாசத்தில்தான் பல் விளக்குகிறது. ஆனால் இன்று காலை என் மைக்செட் கடையில் உன் தர்புக்கா மேளத்தின் உறையைப் பிரித்ததும் குப்பென்று அதே வாசம் வந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சார்ஜாவிலிருந்து அதற்குப் புதுத் தோல் வந்திருக்கிறது. அங்கே உன்னோடு அறையில் இருந்த எகிப்துக்காரர் அனுப்பியது. நீ இல்லாமல் போனது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பியிருக்கிறார்.

ஓட்டல் வேலைக்கு சார்ஜா போனவன் டி.வி.யும் நகையுமாக வருவான் என்று எல்லோரும் பார்த்திருக்க, நீ மடியில் கிடத்தி விரலால் வாசிக்கும் அரபு மேளத்தோடு வந்து இறங்கினாய். மலையில் எஸ்டேட் ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் வேலையில் சேர்ந்தாய். நான் கம்ப்யூட்டரில் சத்தங்களை இழுத்தும் நீட்டியும் விளையாடிக்கொண்டிருந்த காலம் அது. கல்யாண வீட்டில் பாட்டுப் போடுகிறவனுக்கு இது என்ன வேண்டாத வேலை என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். நீதான் கேட்கவில்லை. "ஸ்டோர்ல காத்தாடி உறுமுது பாரு, அதைப் புடிடா. அதுக்கு மேல நான் வாசிக்கிறேன்" என்றாய்.

நம் ஆல்பம் அப்படித்தான் தொடங்கியது. காய்க்குச் சூடு பரப்பும் காத்தாடியின் உறுமல், வளைவில் மூச்சுவாங்கும் ஜீப்பு, காய் எடுக்கும் பெண்களின் தூரத்துப் பேச்சு எல்லாவற்றையும் மெதுவாக்கிப் பரப்பி வைப்பேன். அதன்மேல் உன் விரல்கள் நடக்கும். கேட்ட நாலு பேரில் இரண்டு பேருக்குப் புரியவில்லை, மற்ற இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். நமக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

மிச்சம் இருந்தது கடைசியான மழைப் பாட்டு. ஆடி மழையை ஸ்டோர் வாசலில் நின்று பதிவு செய்துவிட்டேன். ஈரத்தில் உன் மேளத்தோல் தளர்ந்து தொப்தொப்பென்றது. வழக்கம்போல ஸ்டோர்த் தட்டில், காய்களுக்கு நடுவே, சூடேற வைத்தாய். வெளியே பால் விடாத கட்டஞ்சாயா குடித்தோம். நீ ஒரு சார்ஜாக் கதையை ஆரம்பித்தாய், நான் சிரித்தேன், இருவரும் மேளத்தை மறந்தோம். உள்ளே பட்டென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் தோல் குறுக்கே கிழிந்து கிடந்தது. ஒரு லோடு காயில்கூடச் சூடு மிஞ்ச விடாதவன் நீ. "காயைக் காப்பாத்துனேன், தோலைத் தீச்சுப்புட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய்.

மதுரையில் பிளாஸ்டிக் தோல் கிடைக்கும் என்றேன். "அது டப்பா சத்தம்டா. ஆட்டுத்தோலு அங்கேருந்தே வரட்டும். மழை எங்க போகுது, அடுத்த வருசமும் பெய்யும்" என்றாய். மழை பெய்யத்தான் செய்தது. அதற்கு முன்பே, பங்குனியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாய். மலையிறங்கி அடிவாரத்து முந்தல் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பிளாஸ்டிக் தோலை நானே வாங்கிவந்து மாட்டியிருக்கலாம். திட்டிக்கொண்டேயாவது வாசித்திருப்பாய்.

இன்று உன் மனைவிக்குப் போன் செய்தேன். தோல் வந்ததைச் சொல்லி, மதுரையில் ஒருவர் நன்றாக வாசிப்பார், மழைப் பாட்டுக்குக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்ணே. அவரு வராத பாட்டுக்கு வேற ஆள எதுக்குக் கூட்டணும்? மழை மட்டும் பெய்யட்டும். தோலை மட்டும் மாட்டி வைங்க. அவரு பொருளு கிழிஞ்சு கெடக்கக் கூடாது" என்றாள்.

மாட்டிவிட்டேன். மழையை மழையாகவே ஆல்பத்தின் கடைசியில் சேர்த்துவிட்டேன். இப்போது போட்டுக் கேட்கிறேன். எந்தப் பாட்டிலும் எங்கே நுழைவாய் என்று நீ முன்கூட்டிச் சொன்னதே இல்லை. கேட்டால், "சத்தம் கூப்பிடும்டா, அப்ப வர்றேன்" என்பாய். இந்த மழையில் இங்கேதான், இங்கேதான் என்று என் கை முழங்காலிலிருந்து எழும்புகிறது. உடனே, இல்லை, இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பாய் என்று தோன்றுகிறது. அதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது மாப்ளே.