மூளைக்கு ஒரு லேகியம்

அண்ணி,

இன்று காலை உங்கள் தம்பி மகன், என் பிள்ளைதான், ஒரு லேகிய டப்பாவோடு வந்து நின்றான். மூடியைத் திறந்ததும் ஜாதிக்காயும் வெல்லமும் கலந்த அதே வாசனை. மருமகளுக்கு ஆறு மாதம். "பிள்ளை மூளைக்கு ரொம்ப நல்லதாம்மா, ஆபீஸ்ல எல்லாரும் வாங்குறாங்க" என்றான். இதே பேச்சைக் கேட்டுத்தான், அவனைச் சுமந்தபோது நானும் வாயைத் திறந்தேன்.

அப்போது நாம் பெங்களூரில், அல்சூரில் இருந்தோம். ஜட்கா வண்டியில் வந்து மருந்து விற்றவரை நினைவிருக்கிறதா? வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கே புத்தி தீட்டும் லேகியம் என்றார். என் மாமியாருக்கு, அதுதான் உங்கள் அம்மாவுக்கு, பேரன் பட்டாள ஆபீசில் பேனா பிடிக்க வேண்டுமென்று ஆசை. ஒரு ஜாடி வாங்கி, தினமும் உருட்டிக் கொடுத்தார். பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம் என்று சோற்றை மட்டும் பாதியாக்கினார்.

நீங்கள் பாலை முகர்ந்து பார்க்காமல் அடுப்பில் வைக்க மாட்டீர்கள். புளியைப் பிரித்துப் பார்க்காமல் வீட்டுக்குள் விடமாட்டீர்கள். என்னையும் அப்படித்தான் கவனித்தீர்கள். "எதுக்குடி பகல்லயே இப்படித் தூங்குற? உள்ள பிள்ளை ஆடுதா?" அசைவு குறைந்துதான் இருந்தது. நான் சொல்லவில்லை. உங்களுக்குப் பிள்ளை இல்லை, என் பிள்ளை கெட்டிக்காரனாகப் பிறப்பது பிடிக்கவில்லை என்று நினைத்தேன். நாத்தனார் வந்து மருந்தை நிறுத்து என்றால் எவள்தான் நம்புவாள்? நீங்கள் ஜாடியைச் சந்தேகப்பட்டீர்கள், நான் உங்களைச் சந்தேகப்பட்டேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் பிரசங்க நேரத்தில் கண் சொருகும் பெண்களை முழங்கையால் இடித்து எழுப்புகிறவர் அத்தை. அன்று அவர் தலையே என் தோளில் சாய்ந்தது. குறட்டை வேறு. போதகர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நீங்கள் என் காதருகே குனிந்தீர்கள்.

"அம்மா காப்பியில ரெண்டு உருண்டை கரைச்சேன். அபின் கலந்திருக்கான் பாவி. நீ மட்டும் தூங்கலடி, உள்ள இருக்கறதும் சேந்து தூங்குது."

நான் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, "நான் எங்க தூங்குனேன்? கண்ண மூடி ஜெபம் பண்ணேன்" என்றார். ஆனால் ஜாடியைச் சாக்கடையில் கவிழ்த்தவரும் அவர்தான். அதன்பிறகு என் தட்டு உங்கள் பொறுப்பானது. களி, முருங்கைக்கீரை, முட்டை என்று எதிரே உட்கார்ந்து சாப்பிட வைத்தீர்கள். "மூளை ஜாடியில வராதுடி, சோத்துலதான் வரும்" என்பீர்கள். என் வயிற்றில் கை வைத்துக் காத்திருப்பீர்கள். அவன் மறுபடி உதைத்த அன்று முதலில் அழுதது நீங்கள்தான்.

அவன் பேச ரொம்பத் தாமதமானது. இப்போது நன்றாகத்தான் இருக்கிறான், ஆபீசிலும் நல்ல பேர். ஆனாலும் குடையை எங்காவது மறந்துவிட்டு வந்தால்கூட, அந்த லேகியம் தின்ற நாட்கள் என் நெஞ்சில் இடிக்கின்றன. அதனாலா, இல்லையா? யாரைக் கேட்பது? கேட்க நீங்களும் இல்லை.

காலையில் அவன் ஆபீசுக்குப் போனதும் இரண்டு உருண்டையை நானே விழுங்கினேன். தூக்கம் வருகிறதா பார்க்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மத்தியானம் தாண்டிவிட்டது. கொட்டாவிகூட வரவில்லை. நல்ல லேகியமாகவே இருக்கலாம். இருந்தாலும் சாக்கடையில் கொட்டிவிட்டேன்.

பிறகு முட்டையை அவித்து எடுத்துக்கொண்டு மருமகளிடம் போனேன். அவள் வயிற்றில் கை வைத்து, "உள்ள பிள்ளை ஆடுதா?" என்று கேட்டேன். அவள் முட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும் அண்ணி. நான் உங்களைப் பார்த்த பார்வை.

பார்க்கட்டும். அது உதைக்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.