உரல்வாய் வழியே குழந்தை வரலாகாது

வேங்கைவரை நாட்டில் மழை பொய்யாதிருக்க, அதன் அரியணை அசையாதிருக்க. மலைமுடி காத்தவர், பகை அடக்கியவர், குடிகளின் குறை கேட்பவர் என்னும் மூன்று விருதுகளும் உடைய நெடுஞ்சேந்தப் பெருவேந்தரின் திருமுன்னுக்கு, அவர்தம் தமக்கையும், மணந்து வந்த நீர்முனை நாட்டைக் கணவர் மறைந்தபின் ஆண்டு வருபவளுமான காரிநங்கை, அரசர்க்கு வணக்கமும் தம்பிக்கு வாழ்த்தும் கூறி விடுத்த ஓலை.

தங்கள் தூதர் பண்ணனார் நேற்று நலமாக வந்து சேர்ந்தார். ஆறாம் வயது எய்திய இளவரசி அரும்புநங்கை வரும் முழுநிலவு நாளில் தெப்பம் ஏறி, கருங்கால் ஆற்றின் உரல்வாய்ப் பள்ளத்தாக்கு வழியே இறங்கி, எம் அரண்மனைத் துறையில் கரை சேர்ந்து, முன்னோர் வழக்கப்படி என் கையால் இளவரசுப் பட்டம் சூடுவார் என்றும், பந்தலும் விருந்தும் குறைவின்றி அமைய வேண்டும் என்றும் தங்கள் ஆணையை அவையில் படித்தார். பந்தல் போட்டாயிற்று. விருந்துக்கும் குறைவிராது. ஆனால் எம் எல்லைக்குள் அடங்கிய உரல்வாயின் மேல்முனையில், நீர் இன்னும் அடங்கி ஓடும் இடத்தில், யானை கட்டும் சங்கிலியை ஆற்றின் குறுக்கே இன்று காலை இழுத்துக் கட்டச் செய்துவிட்டேன். இரு கரையிலும் காவல் நிற்கிறது. இது போர் அறிவிப்பன்று. ஆனால் தங்கள் வீரர்கள் அதை அறுப்பாராயின் அவ்வாறே ஆகிவிடும் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

காரணம் கேட்பீர்கள். மேல்மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு செந்நிறமாகி, உரல்வாயின் நடுப்பாறை இப்போது கண்ணுக்கே தெரியவில்லை. எம் தெப்பத்தலைவர் கோடனை அழைத்து, இளவரசியின் எடைக்கு ஒரு மணல் மூட்டை கட்டி, குழந்தை அமரும் இடத்தில் வைத்து, அவ்வழியே ஒருமுறை போய்வரப் பணித்தேன். அவர் போனார், தெப்பமும் உடையாமல் வந்தது, மூட்டை வரவில்லை. எந்த இடத்தில் விழுந்தது என்று கேட்டதற்கு, தாம் முன்னே பாறையைப் பார்த்துத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்ததாகவும், கரையேறித் திரும்பிப் பார்த்தபோதே மூட்டை இல்லாததை அறிந்ததாகவும் சொன்னார். அவ்விடத்தில் துடுப்பாளர் ஒரு நொடி திரும்பினாலும் தெப்பம் கவிழும் என்பதால் அவரைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை.

முன்னோர் படையோடு ஆறு கடக்க அணிந்த பொற்சுரைக் கச்சை இருக்க அச்சம் எதற்கு என்று பண்ணனார் கேட்டார். பொன்முலாம் பூசிய அச்சுரைக்குடுக்கைகள் நீரில் மிதப்பவை என்பது மெய். ஆனால் கச்சை யானைமேல் அமரும் ஆடவரின் இடுப்புக்குத் தைத்தது. எம் மடைத்தலைவனின் மகள் இளவரசியின் உயரமே இருப்பாள். அவளுக்கு அதை அணிவித்து, நாலு பேர் சூழ நிற்க, அரண்மனைக் குளத்தில் இறக்கினோம். கச்சை மிதந்தது, பிள்ளை கச்சைக்குள் இருந்து நழுவிக் கீழே போனாள். உடனே தூக்கிவிட்டோம், அவள் சிரித்துவிட்டு வெல்லம் கேட்டாள், தூதர்தான் படியில் உட்கார்ந்துவிட்டார். ஆகவே சிறு குடுக்கைகளால், தோளுக்கு இரண்டும் தொடையிடுக்கில் ஒன்றுமாக வார் வைத்து, குழந்தையின் அளவுக்கே புதுக் கச்சை தைக்கிறார்கள். அதில் பொன் இல்லை.

வேறு வழி தேடாமல் தடுத்தேன் என்று தங்கள் அவை பேசிவிடக் கூடாது. உரல்வாய்க்குக் கீழே உள்ள நிழற்கால் வழியை முதலில் எண்ணினேன். அங்கே நீர் அடக்கம்தான். ஆனால் இரு கரையும் செங்குத்துப் பாறை. ஏறினால் உச்சிப்பொழுது வரை இறங்க இடமில்லை. குழந்தைக்குப் பசித்தாலும், குளிர்ந்தாலும், ஒன்றுக்கு வந்தாலும், போதும் என்று தோன்றினாலும் நிறுத்த முடியாத வழி, எவ்வளவு அழகாயினும் குழந்தைக்கு உரியதன்று என்று அதை விட்டேன். அதற்கும் கீழே மூங்கில்துறையிலிருந்து எம் துறை வரையுள்ள மணற்காலையே தேர்ந்தேன். தை மாதத்தில் அங்கே நீர் பெரியவர் இடுப்பளவு, வளைவுதோறும் மணல்திட்டு, இடையிடையே தெப்பத்தைச் சற்றே குலுக்கி, பிள்ளைகளைச் சிரிக்க வைக்கும் சிற்றலைகள் உண்டு. முன்னும் பின்னும் ஒவ்வொரு தெப்பம் காவலாக வரும். இது ஆறன்று, வாய்க்கால் என்று தங்கள் அமைச்சர்கள் முகம் சுளிப்பார்கள். கணுக்காலுக்கு மேல் நீர் படாத அப்பெரியோர் விரும்பினால், உரல்வாய் வழியே அவர்களை அனுப்பச் சங்கிலியை ஒருநாள் அவிழ்த்துத் தருகிறேன்.

இவ்வளவுக்கும் தாங்கள் இசையக்கூடும். இனி எழுதுவதற்கு இசைவது கடினம். தெப்பம் ஏறும்போது பட்டத்துக்குரிய பிள்ளையின் உதட்டில் பட்டுநூல் வைத்து எடுப்பதும், அதன்பின் கரையேறும் வரை அப்பிள்ளை வாய் திறவாதிருப்பதும், திறந்தால் பட்டம் இழப்பதும் நம் குலவழக்கம். பேசாதிருப்பதே வீரம் என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பண்ணனார் அங்கிருந்து விடைபெறும் வேளையில் இளவரசி அவர் மேலாடையைப் பிடித்து நிறுத்தி, ஆற்றில் பயம் வந்தால் அதை யாரிடம், எப்படிச் சொல்வது என்று அத்தையைக் கேட்டு வரும்படி சொன்னாளாம். தங்களிடம் ஏன் கேட்கவில்லை என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள்.

இனிச் சில வரிகள் அரசருக்கல்ல, என் தம்பிக்கு.

சேந்தா, பஞ்சத்தில் ஆறு வற்றியதால் என் தெப்பம் தள்ளிப்போய், எனக்கு எட்டும் உனக்கு ஆறுமாக நாம் இருவரும் ஒரே தெப்பத்தில் உரல்வாய் இறங்கினோம். நான் அஞ்சி அலறிப் பட்டம் இழந்தேன் என்று உன் அவையில் இன்றும் சொல்கிறார்கள். நான் மறுத்ததில்லை. நடுப்பாறையில் தெப்பம் மோதியபோது நீ என் பக்கத்திலிருந்து ஆற்றில் விழுந்தாய். வழக்கம் காத்து, உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு விழுந்தாய். துடுப்பாளருக்குத் தெரியாது. நான் கத்தினேன். அக்கத்தலைக் கேட்டு அவர் துடுப்பைப் போட்டுவிட்டுக் குதித்து, உன் குடுமியைப் பிடித்துத் தூக்கினார். நான் எனக்கு ஆளத் தெரியாத துடுப்பை அணைத்துக்கொண்டு தெப்பத்தோடு போனேன். அது கவிழாதது நம் நல்லூழ். நினைவின்றிக் கிடந்த உன்னைக் கரையில் வைத்துக்கொண்டே அமைச்சர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். நீ சத்தமின்றி விழுந்தாய், ஆகையால் நீ தேறினாய். நான் வாய் திறந்தேன், ஆகையால் தவறினேன். பின்னர் உன்னிடம், வெயிலில் வந்த மயக்கம் என்றார்கள். இடக்காதின் பின்னே மயிர் முளைக்காத தழும்பைப் பிறவிக் குறி என்றார்கள். இன்று அதைத் தொட்டுப் பார். மணிமுடி போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய்யாகும். ஆனால் நீ இருமி நீரைக் கக்கியபோது எனக்கு வந்த மகிழ்ச்சி, பின்னர் எந்த அரியணையிலும் வந்ததில்லை. அரும்பு தனியாக அமரப் போகிறாள். அவள் பக்கத்தில் கத்துவதற்கு அக்காள் இல்லை.

ஆகவே அரசர்க்கு என் உறுதியைக் கூறுகிறேன். இளவரசியின் உலா முழுநிலவில் நடவாது. தை பிறந்து, நீர் தெளிந்தபின், மணற்கால் வழியே நடக்கும். அவள் உதட்டில் பட்டுநூல் வைக்கலாகாது. அவள் பாடலாம், அழலாம், கதை கேட்கலாம், போதும் என்று சொல்லி அடுத்த மணல்திட்டில் இறங்கலாம். துடுப்பாளர் திரும்பாமலே அவள் குரலைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். துறையிலேயே அவள் வேண்டாம் என்றால் தெப்பம் கொடியை மட்டும் ஏற்றி வரட்டும், அவள் பல்லக்கில் வரட்டும். எப்படி வந்தாலும் பட்டம் சூட்டும் கை என்னுடையது. வாய் திறந்ததற்காக அதை மறுக்கும் கை இந்நாட்டில் இல்லை. தங்கள் இசைவோலை முழுநிலவுக்கு முன் வருமாயின் சங்கிலி அவிழும். வாராதாயின் நானே அதன் அருகில் நிற்பேன்.

இரட்டைத் துடுப்பு முத்திரை பொறித்து, தம்பிக்குரிய வரிகள் நீங்கலாக அவையறியப் படித்து, பண்ணனார் கையில் ஒப்புவித்தோம். இதனை அரசர் தனியே படிக்க. கடைசி வரியை மட்டும் இளவரசிக்கு உரக்கப் படித்துக் காட்டுக.

அரும்பு, பயம் வந்தால் கத்து. அத்தை கரையில் கேட்டுக்கொண்டே நிற்பேன்.